விளிம்பு வரை ஊற்றிய காபி

லூர்துசாமி சார் போன செவ்வாய்க்கிழமை காலை, பெங்களூர் காக்ஸ் டவுனில் தன் வீட்டில், எண்பத்தாறாவது வயதில் காலமானார். அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தபோது நான் ஹெப்பகோடியில் என் பேக்கிங் ஷெட்டில் இருந்தேன். எதிரே இம்ரான் உட்கார்ந்திருந்தார். என் கறிவேப்பிலையையும் முருங்கைக்காயையும் வாங்கும் வளைகுடா கம்பெனிக்கு அவர்தான் பெங்களூர் மேனேஜர். மேஜையில் ஒப்பந்தம் கிடந்தது. இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். வளைகுடாவில் வேறு யாருக்கும் நான் சரக்கு அனுப்பக் கூடாது என்பது நிபந்தனை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையெழுத்துப் போட்டால் கை கட்டு. போடாவிட்டால், ஷெட்டில் இலை கட்டும் முப்பது பெண்களுக்கு அடுத்த வாரம் என்ன வேலை தருவது?

"அண்ணா, அப்பா போயிட்டாருண்ணா. எழுப்பினேன், எழுந்திரிக்கவே இல்ல" என்றாள் ஸ்டெல்லா.

ஷெட்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அழுகை வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் புதன்கிழமை அந்த ஒப்பந்தத்தை அவரிடம் எடுத்துப்போவதாக இருந்தேன். மனிதர் ஒரு நாள் முந்திக்கொண்டாரே என்று கோபம்தான் வந்தது.

உங்களில் பலருக்கு அவரைச் சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்ற கனத்த குரலாகத்தான் தெரியும். இருபத்திரண்டு வயதில் கப்பலேறிப் போய், ஒரு சின்ன அரபு ஷேக்கின் ஊரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான பொலிட்டிக்கல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர் அவர். நமக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகும் அந்தக் கரையில் வெள்ளைக்காரன் உட்கார்ந்திருந்தான். கொடி ஷேக்குடையது, ஊர் வழக்கைத் தீர்ப்பது ஷேக். ஆனால் வெளிநாட்டுக்காரனுக்கு எழுதுவதும், எண்ணெய் தோண்ட இடம் விடுவதும் ஏஜென்டைக் கேட்டுத்தான். ஷேக்கின் தாத்தா போட்ட கையெழுத்து அது: பாதுகாப்பு வெள்ளைக்காரர்கள் தருவார்கள், அவர்களைத் தவிர வேறு எவரோடும் பேச்சு கூடாது. "ஆரம்பத்துல சம்பளம்கூட ரூபாய்லதான் மேன். வெயில் ஒண்ணுதான் அந்த ஊருது" என்பார் சார்.

எனக்கு அவர் கிடைத்தது ஒரு ஜெராக்ஸ் கடையில். ஆஸ்டின் டவுனில் சைக்கிளில் கறிவேப்பிலை விற்று, ஷெட் போட்டு, முதல் வெளிநாட்டு ஆர்டர் பிடித்திருந்த நேரம். எட்டாவது வரை படித்தவனுக்கு எட்டுப் பக்க இங்கிலீஷ் காகிதம். பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினேன். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடிவரியிலிருந்து மேலே போனார்.

"இன்னா சார், தலைகீழா படிக்கிறீங்க?"

"மேல இருக்கறது மாலை மேன். கழுத்து எங்கேன்னு கீழதான் இருக்கும்."

ஏஜென்ட் ஷேக்குக்கு எழுதும் கடிதம் அப்படித்தானாம். ஷேக்கின் உடம்பு, மகன்கள் உடம்பு, மழை, பருந்து வேட்டை என்று ஒரு பக்கம். 'முடியாது' என்பது கடைசி வரியில். "பத்து வருஷம் மாலை கட்டினவன் நான்" என்றார்.

அதன் பிறகு என் கடிதமெல்லாம் அவர் எழுதியதுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் பூசை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் போவேன். அவரே காபி போடுவார். எனக்கு எப்போதும் அரை டம்ளர்தான். கஞ்சம் என்றே நினைத்திருந்தேன்.

"இன்னா சார், பாதிக்கு மேல டம்ளர்ல ஓட்டையா?"

"கேளு, மறுபடி ஊத்தறேன். அதுக்கு மேல கேள்வி வேணாம்."

ஐந்து வருடத்துக்கு முன் இதே கம்பெனியின் ஒப்பந்தம் முதலில் வந்தது. சார் அடியிலிருந்து படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஷேக்கோட பேப்பர் மேன்."

"அவரு ராஜா சார். நான் கறிவேப்பிலை விக்கறவன்."

"அதனாலதான் சொல்றேன். ராஜாவாலயே வெளிய வர முடியல."

நான் கேட்கவில்லை. நிலையான ஆர்டர், நல்ல விலை. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். சார் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். டம்ளர் விளிம்பு வரை. விரல் சுட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். "இன்னிக்குத்தான் மனசார ஊத்தினாரு" என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு ஸ்டெல்லா வாசலிலேயே நின்றாள். "அப்பா தூங்கறாருண்ணா." அதற்கடுத்த ஞாயிறும் தூக்கம்தான். எனக்கும் ரோஷம். போவதை நிறுத்தினேன்.

முதல் இரண்டு வருடம் நன்றாகவே போனது. குளிர் அறை கட்டினேன், வண்டி வாங்கினேன். பிறகு வளைகுடாவில் இன்னொரு ஷேக் நாட்டிலிருந்து ஒருவர் ஷெட்டுக்கே வந்து, வாரா வாரம் முருங்கைக்கீரை கேட்டார். என்னிடம் வாங்கும் கம்பெனி அந்தச் சரக்கைத் தொடுவதே இல்லை. ஆனாலும் அனுமதி கேட்டு எழுத வேண்டியிருந்தது. பதில் வந்தது. என் தரத்துக்குப் பாராட்டு, என் குடும்பத்தின் நலம், பண்டிகை வாழ்த்து. கடைசி வரியில், முடியாது. அடுத்த வருடம் இன்னொருவர் கேட்டார்; அதே பதில். போன மாதம் புதுப்பிக்கும் பேச்சு வந்ததும் நேரே காக்ஸ் டவுனுக்கு வண்டியை விட்டேன்.

இந்தத் தடவை சாரே கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, தூக்கி வைத்திருந்த மூட்டையை இறக்குவதுபோல் ஒரு கதை சொன்னார்.

அந்த ஊரில் குடிதண்ணீர் படகில் வந்துகொண்டிருந்த காலம். கிணறு தோண்டித் தண்ணீர் இறைக்க பம்ப் வேண்டும் என்று வேறொரு நாட்டுக் கம்பெனிக்கு எழுத ஷேக் ஆசைப்பட்டார். ஷேக்கின் எழுத்தர் சாரோடு தினமும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர். ஊரில் இங்கிலீஷ் டைப்ரைட்டர் சாரிடம் மட்டும்தான் இருந்தது. எழுத்தர் நம்பிக் கடிதத்தைக் கொண்டுவந்தார். சார் அடித்துக் கொடுத்தார். கார்பன் நகலை ஏஜென்ட் மேஜையில் வைத்தார்.

"ஏன் சார் வெச்சீங்க?"

"யாரும் கேக்கல மேன். எது அடிச்சாலும் ஒரு நகல் மேஜைக்குப் போவும். கை பழக்கத்துல போயிடுச்சு."

கடிதம் கப்பலேறவில்லை. ஏஜென்டின் பதிலையும் சார்தான் அடித்தார், சார்தான் கொண்டுபோனார். ஷேக் திட்டவில்லை. காபி கொண்டுவரச் சொன்னார். அங்கே காபியைக் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள்; விருந்தாளி இருக்க இருக்க மறுபடி மறுபடி ஊற்றுவது மரியாதை. நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அன்று சாருக்கு விளிம்பு வரை ஊற்றினார்கள். எழுத்தர் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பம்ப் வர இன்னும் இரண்டு வருடமானது.

விரல் சுட்ட அந்த டம்ளர் எனக்கு நினைவுக்கு வந்தது. "அப்போ எனக்கு ஊத்தினது?"

"கோவத்துல ஊத்திட்டேன் மேன். நீ மொத்தத்தையும் குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொன்ன பாரு, அதுக்கப்புறம் உன் மூஞ்சியப் பாக்க வெக்கமாப் போச்சு. தூங்கறேன்னு சொல்லச் சொன்னேன்."

எழுந்துபோய்க் காபி போட்டார். அரை டம்ளர். குடித்ததும் மறுபடி அரை. "வேற யாரோடயும் கூடாதுங்கற லைனைக் கோடு போட்டு அடிச்சிடுன்னு சொல்ல ஷேக்குக்கு ஆள் இல்ல. புதுப் பேப்பர் வந்ததும் கொண்டா" என்றார்.

பேப்பர் வந்தது, அவர் இல்லை. புதன்கிழமை அடக்கத்துக்கு இம்ரானும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே, "முனி பாய், வெள்ளிக்கிழமை மறந்துடாதீங்க" என்றார். நல்ல மனிதர்தான், அவர் வேலை அது.

வெள்ளிக்கிழமை இம்ரான் எதிரிலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அடியிலிருந்து நான்காவது வரியில் அந்த நிபந்தனை இருந்தது; ஐந்து வருடத்தில் எனக்குப் பழகிப்போன வரி. பேனாவால் அடித்தேன்.

"முனி பாய், இன்னா பண்றீங்க! அதுக்குத்தானே ஒப்பந்தமே!"

"மிச்சத்துக்கு ஒப்பந்தம் போடுங்க. இல்லன்னா வேணாம்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெண்கள் இலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டுக்குள் எத்தனை நடை நடந்தேனோ. திரும்பி வந்தவருக்குக் காபி ஊற்றினேன்.

"இன்னா பாய், அரை டம்ளரா?"

"கேளுங்க, மறுபடி ஊத்தறேன்."

நான் செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. ராத்திரி படுத்தால் அந்த முப்பது பேர் வந்து நிற்கிறார்கள். சாரிடம் கேட்கவும் வழியில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை மூன்று: எதையும் அடியிலிருந்து படிப்பது, நாம் இருக்கச் சொல்லும் விருந்தாளிக்குக் குறைவாக ஊற்றுவது. மூன்றாவது, கழுத்தைக் கட்டும் லைனை அடிப்பது; அதை அந்த வெள்ளிக்கிழமை மாலை நானும் இம்ரானும் கையெழுத்திட்ட காகிதத்தில் வைத்திருக்கிறேன்: காலம் ஐந்து வருடமல்ல, ஒன்று, விலை கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைவு, விலக நினைத்தால் இரு தரப்பும் முப்பது நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், வேறு யாருக்கு விற்பது என்பது என் இஷ்டம்.