மிதிக்காத மயில்

அன்று அங்கே இருந்தவர்கள்: பட்டம் வாங்கிய ஓவிய ஆசிரியை, வயது முப்பது இருக்கும். பிரான்சிலிருந்து வந்த கணவனும் மனைவியும். கியூர்பிப்பில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். அவர் மழைக்கோட்டைக் கழற்றவே இல்லை. அது மழை ஊர். கியூர்பிப்காரர்கள் அப்படித்தான், வெயில் அடித்தாலும் நம்ப மாட்டார்கள். என் பேத்தி. அவள்தான் காரில் கூட்டிப்போனாள். கடைசியில் நான், ஓரமாக ஒரு நாற்காலியில்.

இடம் எங்கள் தீவில் மாயெபூர் பக்கத்தில் ஒரு கடலோர ஓட்டல். லினோலியம் என்கிற தரைவிரிப்பில் செதுக்கி அச்செடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேசைமேல் இரும்பு யந்திரம், பெரிய சக்கரத்தோடு. சக்கரத்தைச் சுற்றினால் உருளை அழுத்தும், தாள் அந்தப் பக்கம் படத்தோடு வரும். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை அடித்தது. நானும் இந்த வேலை செய்தவன் என்று பேத்தி சொல்லிவிட்டாள்.

“உங்க காலத்துல என்ன யந்திரம், தாத்தா?” என்று ஆசிரியை கிரியோல் மொழியில் கேட்டாள்.

“கால்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசு சுரினாம் கிராமத்துக்குப் போய்விட்டது.

மண்ணெண்ணெய் வாசனை என்றால் எனக்கு முதலில் சாக்குக் கிடங்கு. பதினாறு வயதில் சர்க்கரை ஆலையில் சேர்ந்தேன். துத்தநாகத் தகட்டில் தோட்டத்தின் பெயரை வெட்டியிருப்பார்கள். அதைச் சாக்குமேல் வைத்து, தூரிகையால் கறுப்பு மையை அடிக்க வேண்டும். அதுதான் நான் செய்த முதல் அச்சு. கப்பலேறி ஊர் ஊராகப் போனது. யாரும் நின்று ரசித்ததாகத் தகவல் இல்லை.

மீதி நேரத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதினேன். கடைகளுக்குப் பலகை எழுதினேன். பால் விற்கிற ஒரு சீனக் கடைக்கு மாடு வரைந்தேன். கடைக்காரன் தள்ளி நின்று பார்த்தான். “நல்லா இருக்கு. ராத்திரி குரைக்காம இருந்தா சரி” என்றான். பணம் கொடுத்துவிட்டான். நல்ல மனுஷன்.

லினோலியம் கிடைத்தது கியூர்பிப்பில். ஒரு பெரிய பங்களாவில் தரையை மாற்றினார்கள். பழைய விரிப்பைச் சுருட்டி வாசலில் போட்டிருந்தார்கள். பலகை எழுதப் போனவன் அதைத் தலையில் சுமந்து பஸ் ஏறினேன். செதுக்க உளி வேண்டுமே. கியூர்பிப்பில் மழைக்குக் குறைவில்லை, உடைந்த குடைக்கும் குறைவில்லை. குடைக்கம்பி நடுவில் பள்ளமாக இருக்கும். நெருப்பில் காட்டி, தீட்டி, கைப்பிடி போட்டால் நல்ல உளி. சைக்கிள் டியூபை உருட்டுக்கட்டையில் சுற்றினால் மை உருளை. அழுத்த யந்திரம் கிடையாது. துணியைக் கம்பளிமேல் விரித்து, லினோலியம் ஒட்டி மை பூசிய கட்டையைக் கவிழ்த்து, மேலே ஏறி நின்றுவிடுவேன்.

நான் அச்சடித்த மீன் படம் ஒன்று நாவிதர் கடையில் தொங்கியது. கிராமநல அதிகாரி முடி வெட்ட வந்தவர் அதைப் பார்த்தார். சுரினாமில் நலக்கூடம் இருக்கிறது, பெண்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடு என்றார். நான் மூன்றாம் வகுப்பு. சொல்லிக்கொடுப்பது என்றால் என்னவென்று தெரியாது. சரி என்றேன். வாரம் ஒருநாள், வியாழக்கிழமை.

கரும்புக்காட்டில் விடியுமுன் இறங்கி, மத்தியானம் கரையேறி, குளித்து, அவர்கள் வருவார்கள். ஏழெட்டுப் பெண்கள். வள்ளியம்மா எல்லாருக்கும் மூத்தவர். எல்லாரும் அவரைத் தாந்தின் என்பார்கள், அங்கே அத்தைக்கு அதுதான் பெயர். வாய் மட்டும் அவருக்கு உளியைவிடக் கூர். மார்லேன் என்று ஒரு கிரியோல் பெண், மாதா கோவிலுக்குப் போகிறவள். அப்புறம் தாயம்மா. எனக்கு நாலைந்து வயது மூத்தவள். புருஷன் இல்லை. ஒரே பையன்.

நான் எழுதிக் காட்டியது செம்பருத்தி, புறா, மாம்பழம். அவர்கள் அதை மேசைவிரிப்பில் அச்சடித்தார்கள். அடிக்கிற நாள் திருவிழா மாதிரி இருக்கும். ஒருத்தி கட்டைமேல் ஏறி இடுப்பை ஆட்டுவாள். ஒருத்தி தகரத்தைத் தட்டுவாள். மார்லேன் பாடுவாள். வள்ளியம்மா ஏறினால் மட்டும் யாரும் ஆட வேண்டாம், அவர் எடையே போதும். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் இருந்தோம்.

தாயம்மா அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் எல்லாரும் போனபின் நின்றாள்.

“தம்பி, பெருசா ஒண்ணு வெட்டணும். திரை அளவுக்கு.”

“எதுக்கு அக்கா?”

பையனுக்குக் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நேர்ந்துகொண்டாளாம். தைப்பூசத்தன்று முருகன் சன்னிதியில் தொங்க, தன் கையால் செய்த திரை. பையன் எழுந்துவிட்டான். திரை பாக்கி. ஊசி வேலை அவளுக்கு வரவில்லை. கரும்புத்தோகை அறுத்து அறுத்து விரல் மரத்துப்போயிருந்தது, ஊசி நழுவும். உளி நழுவவில்லை. அரிவாள் பிடிக்கிற பிடியில் அதைப் பிடித்தாள்.

“கடையில வாங்கிக் கொடுத்தா சாமி வேணாம்னா சொல்லும்?” என்று வள்ளியம்மா கேட்டார்.

“நான் கடைக்காரன் கையாலன்னு நேரல, தாந்தின்” என்றாள் தாயம்மா.

பழைய கதவுப் பலகை ஒன்று கொண்டுவந்தேன். அதில் லினோலியத்தை ஒட்டினோம். மயிலை நான் கரியால் வரைந்தேன், பக்கத்தில் வேல். வரைந்தது மட்டும்தான் நான். தோகையில் இருக்கிற கண்களை அவள் தன் இஷ்டத்துக்கு வெட்டினாள். ஒரு கண் மாதிரி இன்னொன்று இல்லை. ஒன்று இலை மாதிரி, ஒன்று மீன் மாதிரி, ஒன்று அழுகிற கண் மாதிரியே. ஏன் என்று கேட்டேன்.

“எல்லாக் கண்ணும் ஒரே மாதிரியா பாக்குது, தம்பி?”

நான் போய் உருளையைத் துடைத்தேன். அறுவடை தொடங்கி முடிகிறவரை அவள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கோயிலில் கொடி ஏறிவிட்டது. எல்லார் கையிலும் மஞ்சள் காப்பு. விரதம். அந்த வியாழக்கிழமை அச்சடிக்க வேண்டும். மாவுச் சாக்குத் துணியை வெளுத்துத் தைத்து விரித்தோம். நீல மை. தாயம்மாவே பூசினாள். கதவுப் பலகையை ஆறுபேர் தூக்கித் துணிமேல் கவிழ்த்தோம். தகரத்தைத் தட்டுகிறவள் தகரத்தைக்கூட எடுத்துவிட்டாள்.

“ஏறுங்க” என்றேன்.

யாரும் ஏறவில்லை.

வள்ளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “யார் மேல ஏறச் சொல்றீங்க, மிஸ்யே?”

கோபம் வந்தால்தான் அவர் என்னை ஐயா என்கிற மாதிரி மிஸ்யே என்பார். மற்ற நேரம் தம்பி. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அத்தனை மாதம் தாயம்மா வெட்ட, எல்லாரும் கூடியிருந்து பார்த்தோம். சாமியின் மயிலை மிதிக்க வேண்டிவரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செம்பருத்தியை மிதித்து மிதித்துக் கால் பழகிவிட்டது.

ஒருத்தி மார்லேனைப் பார்த்தாள். “நீ ஏறேன். உன் சாமி இல்லையே.”

மார்லேனுக்கு முகம் சிவந்துவிட்டது. “மோ பா பூ மார்ஸ் லோர் போன்ஜே” என்றாள். கடவுள்மேல் நான் நடக்க மாட்டேன் என்று அர்த்தம். “போன வருஷம் உங்களோட பால்குடம் தூக்கினது யாரு? அன்னிக்கு மட்டும் என் சாமியா?”

மை காய்ந்துகொண்டிருந்தது. கல்லை வைத்து அழுத்தலாம் என்றேன். அம்மிக்கல்லா என்று ஒருத்தி ஓடப்போனாள். “கருவாடு அரைச்ச கல்லு. விரதத்துல அதையா சாமி மேல வைப்பே?” என்றார் வள்ளியம்மா. அவள் நின்றுவிட்டாள். தாயம்மா கவிழ்ந்த பலகையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் துணி போனால் வேறு துணி கிடையாது. தைப்பூசம் தாண்டினால் நேர்ந்தது நேர்ந்தபடியே நிற்கும். நேர்த்திக்கடன் பிள்ளை பேரில் இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும்.

“சாமியைக் கவுத்துப் போட்டா யாரு ஏறுவா?” என்றார் வள்ளியம்மா. “நிமித்துங்கடி. அது மேல பாக்கட்டும். துணி மேல வரட்டும். கை எதுக்கு இருக்கு?”

துணியோடு சேர்த்து நிமிர்த்தினோம். கட்டை கீழே, துணி மேலே. சுற்றி உட்கார்ந்து உள்ளங்கையால் தேய்த்தார்கள். கரும்பு வெட்டின கை, பலகை மாதிரி இருக்கும். பாட்டு இல்லை, தகரம் இல்லை. துணியில் கை உரசுகிற சத்தம் மட்டும். மார்லேனும் தேய்த்தாள். நானும் ஒரு மூலையில் தேய்த்தேன்.

தாயம்மா துணியை உரித்தாள்.

கால் அழுத்தினால் மை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழும். இது அப்படி விழவில்லை. கை பலமாகப் பட்ட இடம் கருநீலம். மெல்லப் பட்ட இடம் விடியற்கால வானம் மாதிரி. தோகை காற்றில் அசைகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அச்சடித்தேன். அப்படி ஒன்று எனக்கு விழவில்லை.

“நான் தேச்ச கண்ணுதான் நல்லா வந்திருக்கு” என்றார் வள்ளியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். தாயம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தைப்பூசத்துக்கு முதல்நாள் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, மடித்த திரை. பெண்கள் எல்லாரும் போனார்கள். நானும் பஸ் பிடித்து வந்திருந்தேன். கோயில் சங்கத் தலைவர் வாசலில் நின்றார். கெட்டவர் இல்லை. எங்கள் ஜன்னலில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

“அம்மா, காலால மிதிச்சு அச்சடிக்கிற துணி, சாமி முன்னால வரக்கூடாது.”

“இது கையால” என்றாள் தாயம்மா.

“நானே பாத்தேனே. குதிக்கிறதையும் பாத்தேன், ஆடுறதையும் பாத்தேன்.”

“அது வேற நாள். இது கையால.”

நான் முன்னே போய், கையால்தான், நானும் கூட இருந்தேன் என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க மாயெபூர் ஆளு. சாயந்திரம் பஸ் ஏறிப் போயிடுவீங்க. நாளைக்கு ஊரு என்னைத்தான் கேக்கும்.” கொஞ்சம் யோசித்தார். “கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க. வாங்கிக்கிறேன்.”

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தால் அது சத்தியம். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க முடியாது. வள்ளியம்மா சேலையை இழுத்துச் செருகினார். “கொண்டாங்க, நான் அணைக்கிறேன். எங்கே கற்பூரம்?”

தாயம்மா அவர் கையைப் பிடித்தாள். “வேணாம், தாந்தின். வாங்குறவங்களுக்கு நம்பிக்கை இல்ல. சுட்டுக்கிட்டா வந்துடுமா?”

தலைவர் தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தால் முடிந்திருக்கும். அவராலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். மறுநாள் காவடி எல்லாம் போயிற்று. சன்னிதியில் கடையில் வாங்கின பட்டுத்திரை தொங்கியது. அவள் வெறுங்கையோடு வந்து, கும்பிட்டுவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு போனாளாம். மார்லேன் சொன்னாள்.

அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் அவள் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். வந்தவர்களும் கட்டைமேல் ஏறக் கூசினார்கள். நான் ஏறி நின்றால் வேறெங்கோ பார்த்தார்கள். ஆடாத கால் அழுத்தினால் அச்சும் சோகையாகத்தான் விழுந்தது. அதிகாரி வந்து பார்த்தார். அறையைத் தையல் மெஷினுக்குக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே சாமிப்படத்துக்கு முன்னால் திரை தொங்கியது. குடிசைக்கு அது பெரிசு, பாதி மடித்துக் கட்டியிருந்தாள். “கட்டை பத்திரமா இருக்கு, அக்கா. இன்னொண்ணு அடிக்கலாம். வேற கோயிலுக்குக் கொடுக்கலாமே” என்றேன். அச்சு வேலை செய்கிறவன் புத்தி அப்படித்தான் போகும். ஒன்று போனால் நூறு எடுக்கலாம் என்றுதானே செதுக்குவது.

“நேர்ந்தது ஒண்ணு, தம்பி” என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பெரும்புயல் வந்தது. சுரினாமில் கூரை தங்கின வீடு குறைவு. அவள் வீடு தரையோடு போயிற்று. திரையும் போயிற்று. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சுதந்திரம் வந்தபோது அதே நலக்கூடத்தில் கொடித்துணி அச்சடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. நான் ஒருவனே ஏறி ஏறி அடித்தேன். வெளியே பட்டாசு வெடித்தது. ஜன்னலில் யாரும் நிற்கவில்லை.

இப்போது அந்தக் கூடம் இல்லை, இடித்து வாகனம் நிறுத்துகிறார்கள். வள்ளியம்மா இல்லை. மார்லேன் ஆஸ்திரேலியா போனாள், அங்கேயே கண்ணை மூடினாள். சங்கத் தலைவர் இல்லை. கடைசிக் காலத்தில் என்னை மாயெபூர் சந்தையில் பார்த்தபோது, “அது கையாலதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாங்கின மீனைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கட்டை வெகுகாலம் என்னிடம்தான் இருந்தது. மை இருந்தது, துணி இருந்தது, கையும் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். கதவுப் பலகையைக் கறையான் தின்றது. லினோலியம் காய்ந்து, தொட்டால் பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்தது. கண் கண்ணாக உதிர்ந்தது.

அதிலிருந்து எடுத்த பிரதி அந்த ஒன்றுதான்.