பேர் போடாத மனு

வெள்ளிக்கிழமை தில்லியில் ரயில் ஏறி, சனிக்கிழமை விடியும்போது மலையடிவாரத்துக் காட்கோதாமில் இறங்குகிற கூட்டம் என் ஜீப்பில் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “அண்ணே, அங்க அமைதியா இருக்கும்ல?” பதினெட்டு வருஷமாக இதே கேள்வி. ‘சுடுகாடு மாதிரி இருக்கும், போதுமா?’ என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். பிழைப்பில் மண் விழுமே என்று, “ரொம்ப அமைதி சார்” என்பேன். அப்புறம் அவர்களே பாட்டைப் போட்டு, மூன்று மணி நேரம் மலை முழுக்க அலறவிட்டுக்கொண்டு வருவார்கள். ஞாயிறு திரும்பும்போது, “மனசே லேசாயிடுச்சு” என்பார்கள். ஆகாதா பின்னே? குப்பையை எல்லாம் எங்கள் பள்ளத்தில் அல்லவா கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் ஊர் சீராகோட்டில் அவர்களுக்கு ஆகாத ஒரே ஆள் கிமுலி சித்தி. உருளைக்கிழங்கு வயலில் குரங்கு இறங்கினால், தகர டின்னைத் தட்டிக்கொண்டு அவள் போடும் கூச்சல் எதிர்மலை வரைக்கும் கேட்கும். குரங்கில் ஆரம்பித்து, குரங்குக்கு பிஸ்கட் போட்ட விருந்தாளி, விருந்தாளியை ஏற்றி வந்த நான், நான் வர ரோடு போட்டவன் என்று ஒருத்தனையும் விட மாட்டாள். இத்தனைக்கும் நான் அவள் புருஷனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன்.

“டேய் கேசர், இந்தத் தடவ யாரடா அள்ளிக்கிட்டு வந்திருக்க? மனுசங்கதானா?” என்று வயலில் நின்றபடியே கேட்பாள். விருந்தாளிகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். “வரவேற்கிறாங்க சார்” என்பேன்.

பதினாறு வயதில் சோமேஸ்வர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த மறுநாளே, புல்லறுக்கக் கொடுத்த அரிவாள் மழுங்கியிருக்கிறது என்று மாமியாரோடு சண்டை. மாமியார் செத்த பிறகும், எண்ணெய்ச் சட்டியை எங்கே ஒளித்து வைத்துவிட்டுப் போனாள் என்று ஒரு வருஷம் அந்தச் சண்டை நடந்தது. புருஷன் உமேத் சிங் நேர் எதிர். வாயைத் திறந்தால் சிரிப்பதற்கு மட்டும்தான் திறப்பார். அவர்தான் வீட்டுக்குப் பக்கத்தில் வால்நட் என்கிறார்களே, அந்த அக்ரூட் கன்றை நட்டார்.

எங்கள் பக்கத்தில் அக்ரூட்டைக் கையால் நட மாட்டோம். தானாக முளைத்தால் வளர்ப்போம். நட்டவன் அதன் காயைத் தின்ன மாட்டான் என்பது பேச்சு. உமேத் சித்தப்பா கேட்டுச் சிரித்தார். மரம் முதன்முதலாகக் காய்த்த வருஷம், புல் வெட்டப் போன இடத்தில் பாறை வழுக்கி விழுந்து செத்துப் போனார். மகன் பூபாலுக்கு அப்போது ஒன்பது வயது. ஊரே கூடி மரத்தை வெட்டச் சொன்னது. கோடாலியோடு வந்தவனைச் சித்தி கல்லெடுத்து விரட்டினாள்.

“என் புருஷனத் தின்னுடுச்சுல்ல? சும்மா வெட்டிப் போட்டா அதுக்குச் சுகமாப் போயிடும். நிக்கட்டும். நின்னு எனக்கும் என் புள்ளைக்கும் சோறு போடட்டும்!”

போட்டது. இருபத்துமூன்று வருஷம் போட்டது. பூபால் படித்ததும், அவனுக்குக் கல்யாணம் நடந்ததும் அந்தக் காயை விற்றுத்தான். வருஷத்துக்கு ஒரு முறை, காய் உதிர்க்கும் நாளில், சித்தி மரத்தை ஒரு மூச்சு திட்டிவிட்டுத்தான் கம்பை எடுப்பாள்.

சித்தி வீட்டுக்கு மேலே, மலைச்சரிவில், உமேதின் தம்பி குந்தன் விருந்தாளிகளுக்கு விடுதி கட்டினார். சமைப்பதும் அறைகளைப் பார்த்துக்கொள்வதும் பூபால். மாடியில் இரண்டு அறைகளுக்கு ஒரு குறை. ஜன்னலைத் திறந்தால் நந்தாதேவி தெரிய வேண்டிய இடத்தில் அக்ரூட் மரம் தெரியும். பனிமலை தெரியாத அறையை எவன் எடுப்பான்? குந்தன் சித்தப்பா கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார்.

“அண்ணி, ரெண்டே ரெண்டு கிளைய மட்டும் கழிச்சுக்கிறேனே?”

“உன் மூக்கு கூடத்தான் எனக்கு மறைக்குது. கழிச்சுடவா?”

அதோடு பேச்சு முடிந்தது. போன வருஷம் ஆடி மாதம், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே மரம் மஞ்சளாயிற்று. பதினைந்து நாளில் மொட்டை. சித்தி அடிமரத்தைச் சுற்றிக் களிமண்ணைச் சுரண்டிப் பார்த்தாள். நாலு துளை. மெஷினால் போட்டு, உள்ளே எதையோ ஊற்றி, மண்ணை அப்பி மூடியிருந்தது. அவள் கத்தவில்லை.

அன்றைக்கே ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “எழுதுடா. கோலு சாமிக்கு மனு.”

கோலு சாமி எங்கள் நீதிபதி. கோர்ட்டில் தோற்றவன், கோர்ட்டுக்குப் போக வழியில்லாதவன், பங்காளியிடம் ஏமாந்தவன் எல்லாரும் அங்கேதான் மனுவைக் கட்டிவிட்டு வருவோம். தீர்ப்புக் கிடைத்தால் மணி கட்டுவோம். நான் பேனாவைத் திறந்து, “குந்தன் சிங் பேர முதல்ல போடட்டுமா?” என்றேன்.

“பேர் போடாத. தப்பான ஆள் மேல போட்டா நம்ம தலையிலயே திரும்பும். அவருக்குத் தெரியாதா யாருன்னு? ‘மரத்தக் கொன்னவன் எவனோ, அவன் வீட்டுல தொட்டில் ஆடக் கூடாது’ன்னு எழுது.”

எனக்குக் கை நின்றுவிட்டது. குந்தன் சித்தப்பாவின் மகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. புண்ணில் கோல் விட்டுக் குத்துகிறாள் என்று புரிந்தது. “சித்தி, வேற ஏதாவது தண்டனை கேளேன்” என்றேன்.

“எழுதுறியா, இல்ல பள்ளிக்கூடத்து வாத்தியார்கிட்டப் போகட்டுமா?”

எழுதினேன். இந்தக் கையால்தான் எழுதினேன். என் கையை நானே பல நாள் சபித்திருக்கிறேன். மனு கோயிலில் தொங்கியது. புரட்டாசியில், காய்ந்த மரம் வீட்டின் மேல் விழும் என்று குந்தன் சித்தப்பா அனுமதிக் காகிதம் வாங்கி அதை வெட்டிச் சாய்த்தார். மாடி அறைகள் இரண்டும் வாரா வாரம் நிரம்பின.

ஐப்பசியில்தான் தெரிந்தது, பூபாலின் பெண்டாட்டி தனுஜாவுக்கு நாலாம் மாதம் என்று. தெரிந்த அதே வாரம் அவளுக்கு ரத்தப்போக்கு. என் ஜீப்பில்தான் ஹல்துவானிக்குக் கொண்டுபோனோம். படுத்தே இருக்க வேண்டும், எதுவும் உறுதியில்லை என்றார் டாக்டர். சித்தி ஒரு பிடி அரிசியை முடிந்துகொண்டு, அரிசி பார்த்துக் குறி சொல்கிறவரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் அரிசியைத் தட்டில் உருட்டினார். “கோலு வாசல்ல ஒரு காகிதம் தொங்குது. உன் வீட்டு ஆள் கட்டினது, உன் வீட்டு ஆள் மேலயே” என்றார்.

ஊர் திரும்பி ஜீப் நின்றதும் சித்தி நேராக விடுதிச் சமையலறைக்குள் போனாள். பூபால் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான்.

“மரத்துல துளை போட்டது யாரு?”

அவன் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. “இப்ப எதுக்கும்மா அது?”

“யாருடா?”

“நான்தான். என்ன இப்போ? மாடியில பாதிப் பங்கு தர்றேன்னாரு சித்தப்பா. காலம் பூரா அடுத்தவன் எச்சிப் பாத்திரம் கழுவச் சொல்றியா? ஒரு மரம்மா! வெறும் மரம்! அப்பாவக் கொன்ன மரம்!”

சித்தி அவன் கன்னத்தில் விட்ட அறையில் மாவுப் பாத்திரம் உருண்டது. அப்புறம்தான் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னாள். பூபால் முகம் வெளுத்தது. நம்பிக்கை இல்லாதவன் போலப் பேசுவானே தவிர, அவனும் இந்த ஊர்க்காரன்தான். வாசலில் நின்றிருந்த குந்தன் சித்தப்பா மட்டும் சிரித்தார். “எனக்கு வச்ச குறிதானே அண்ணி? சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டீங்களே!”

“நீ வாய மூடு. உன்ன அப்புறம் வச்சுக்கிறேன்” என்றாள் சித்தி.

ஞாயிறு காலை, படுக்கையில் இருந்த தனுஜாவைத் தவிர எல்லாரும் கோயிலுக்குப் போனோம். கூட்டம். மணிகளோடு நின்று படம் எடுக்கும் விருந்தாளிகள் ஒரு பக்கம். வரிசையில் எங்கள் பக்கத்து வனக் காவலர் வேறு. பூசாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“செஞ்சவன் தன் வாயால, எல்லார் காதுலயும் விழற மாதிரி ஒத்துக்கணும். அப்பத்தான் மனுவத் திருப்பிக்க முடியும்” என்றார்.

பூபால் வனக் காவலரைப் பார்த்தான். போனைத் தூக்கிப் பிடித்திருந்த விருந்தாளிகளைப் பார்த்தான். மரத்தைக் கொன்றது வழக்காகும், விடுதிக்குப் பேர் கெடும். அவனுக்குக் கணக்கு ஓடுவது எனக்கே தெரிந்தது. வலது கையைச் சாமி பக்கம் நீட்டினான்.

“மரத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. என் பெண்டாட்டி வயித்துல இருக்குற—”

சித்தி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். பிறக்காத பிள்ளை மேல் கோலு சன்னிதியில் பொய்ச் சத்தியம் செய்தால், மனுவைக் கிழித்தாலும் தப்பிக்க வழி கிடையாது. அவன் வாயைப் பொத்திய கையை எடுக்காமலே அவள் கத்தினாள். அந்தத் தொண்டைக்கு மணிகளே அதிர்ந்திருக்கும்.

“மரத்தக் கொன்னது நான்! கிமுலி! கேட்டுக்கோ சாமி! அந்தத் தண்டனை எனக்கு, என் வீட்டுக்கு! இந்த நாய் என் மகன் இல்ல. இன்னையிலருந்து இவன் வீடு வேற, என் வீடு வேற. அங்க ஆடுற தொட்டில் என் தொட்டில் இல்ல. நான் தொட மாட்டேன், தூக்க மாட்டேன்!”

பூசாரி மனுவையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படி ஒரு கணக்கு செல்லுமா என்று அவருக்கே தெரியவில்லை. பூபால் என்ன செய்தான் தெரியுமா? மூச்சை விட்டான். தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி நிம்மதியாக மூச்சு விட்டான். “அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போலாமா? பதினோரு மணிக்கு ரூம காலி பண்றாங்க” என்றான் என்னிடம். “நடந்து வாடா” என்று சொல்லிவிட்டுச் சித்தியை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சித்திரையில் தனுஜாவுக்குப் பெண் பிறந்தது. குறை ஒன்றும் இல்லை, நல்ல குண்டுக் குழந்தை. அதற்கு முன்பே பூபாலும் அவளும் விடுதிக்குப் பின்னால் உள்ள அறைக்குக் குடிபோயிருந்தார்கள். சித்தி வீட்டுக்கும் அதற்கும் நாற்பது படி. பேர் வைத்த அன்று தனுஜா அழுதுகொண்டே கூப்பிட்டு விட்டாள். சித்தி கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். ஊர் என்ன சொன்னது? பொம்பளைப் பிள்ளை என்று கிழவிக்கு ஆங்காரம் என்றது. பூபாலோ விருந்தாளிகளிடம், “எங்கம்மாவே மரத்த எடுத்துட்டாங்க, உங்களுக்கு மலை தெரியட்டும்னு” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த ஐப்பசியில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்த ஒரு சனிக்கிழமை, மாடி அறைக்கு வந்த ஒரு தில்லிப் பெண், பூபாலின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். நான் அவர்களுடைய பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். சித்தி வயலில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி! நீங்கதான மரத்த எடுத்தது? ரொம்பத் தேங்க்ஸ், என்ன ஒரு மலை! இந்தாங்க, பேத்தியப் பிடிங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்” என்று குழந்தையை நீட்டினாள்.

சித்தி பின்வாங்கினாள். இரண்டு எட்டு, மூன்று எட்டு, வரப்பில் கால் தடுக்கும் வரைக்கும். குழந்தை அவள் தலைத்துணியைப் பிடிக்கக் கையை நீட்டியது. சித்தி குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தாள்.

“தூக்கிட்டுப் போடி! மேல போ! போறியா, எறியட்டுமா?”

அந்தப் பெண் அலறிக்கொண்டு குழந்தையோடு மேலே ஓடினாள். “அந்தக் கிழவிக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாதா? சொந்தப் பேத்தி!” என்று மாடியில் அவள் சொல்வது கீழே வரைக்கும் கேட்டது. நான் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வயலுக்குப் போனேன். மண்கட்டி இன்னும் சித்தி கையில்தான் இருந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, களைக்கொத்தை எடுத்து மண்ணைக் கிளறினாள். ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு, “பல்லு வந்துடுச்சாடா?” என்றாள்.

“கீழ ரெண்டு, சித்தி” என்றேன்.