நான் எடுக்கச் சொன்ன பெட்டி

எங்கள் மருத்துவமனையில் அவரை எல்லோரும் ஃபாரக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பதிவேட்டு எழுத்தர். யாரும் சொல்லித்தராமல், தானே முட்டி மோதிப் படித்து, நோயாளிகளுக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸ் செய்தார். எட்டு வருடமாக ஆஸ்பத்திரியே அதில்தான் ஓடியது. அவரைப் பாராட்டியவர் யாருமில்லை, என்னையும் சேர்த்து.

அதில் மூன்று ஃபாரங்கள், அதாவது திரையில் நிரப்பும் படிவங்கள், ஒன்றுக்குள் ஒன்று. வெளியே நோயாளியின் ஃபாரம். அதற்குள் அவர் வந்துபோன நாட்கள். அதற்குள் அன்றன்று எழுதிய மருந்துகள். எந்த மருந்து ஆகாது என்பது வெளி ஃபாரத்தில் ஒரு கட்டத்தில் இருக்கும். உள்ளே மருந்தின் பெயரைத் தட்டியதும் அது இரண்டு படி மேலே போய் அந்தக் கட்டத்தைப் பார்க்கும். ஆகாததென்றால் சிவப்பில் எச்சரிக்கும்.

"அப்பன் ஃபாரத்தக் கேட்டா தெரியாதும்மா, தாத்தா ஃபாரத்தத்தான் கேக்கணும். அந்த ஒரு வரி எழுத எனக்கு மூணு வாரம் ஆச்சு" என்பார்.

நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவள். "உங்க குடும்பக் கதைய அப்புறம் கேக்கறேண்ணே, கூட்டம் நிக்குது" என்பேன்.

ஆளுக்கு மூன்று ஃபாரம் திறக்க எனக்கு ஏது பொறுமை? மருந்து ஃபாரத்தை மட்டும் தனியாகத் திறக்கக் கண்டுபிடித்து, நர்சுகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். தனியாகத் திறந்தால் கேட்பதற்கு மேலே ஃபாரமே இல்லை. அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் 'பிழை' என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்து நின்றது. மூடி மூடி விரல் தேய்ந்தது. பெட்டியை எடுத்துவிடச் சொல்லி அவரைப் பிடித்து நச்சரித்தேன்.

"சும்மா எடுக்கக் கூடாதும்மா. ரெண்டு நாள் குடு, யோசிச்சுப் பண்றேன்."

"ரெண்டு நாள் நீங்க வந்து இந்த ஜன்னல்ல உக்காருங்க, அப்பத் தெரியும்."

சாது மனிதர். பிழை வந்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போ என்று கம்ப்யூட்டருக்கு ஒரு வரி அன்று மதியமே எழுதிவிட்டார். பெட்டி போனது. ஆகாத மருந்தா என்ற சோதனை நடக்கவில்லை என்பதைக் காட்ட இருந்த ஒரே அடையாளமும் அதோடு போனது. நான் நிம்மதியாக வேலை பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள், காலில் காயத்தோடு ஒரு பஸ் டிரைவர் வந்தார். நர்ஸ் மருந்து ஃபாரத்தை மட்டும் திறந்து தட்டினாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. ஊசி மருந்தை எடுத்துக் கொடுத்தது நான். அது அவருக்கு ஆகாது என்று ஃபாரக்காரர் போன வருடமே வெளி ஃபாரத்தில் பதிந்து வைத்திருந்தார். அரைமணி நேரத்தில் டிரைவரின் உயிர் போய்விட்டது. அவர் மனைவி வெளியே சீட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

விசாரணைக்கு எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு வருடமாகப் படுக்கையில். என் வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது. அது ஃபாரக்காரருக்குத் தெரியும்.

"யார் சொல்லி அந்தப் பெட்டிய எடுத்தீங்க?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

ஃபாரக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் எடுத்தேன் சார்."

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழியைச் சுமந்துகொண்டு அவர் வேலையை விட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். "நீயாவது வந்து பாத்தியேம்மா" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். ஃபாரக்காரரோ என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"பெட்டிய மறைக்க நான் எழுதின அந்த வரிய அழிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லண்ணே."

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மேலே ஃபாரம் இல்லையென்றால் மருந்து ஃபாரம் திறக்கவே கூடாது. "இதப் போட்டுடு. கூட்டம் சத்தம் போடும், போடட்டும்."

தாளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அப்படியே தட்டிப் போட்டேன். இப்போது மூன்றையும் திறந்தால்தான் மருந்து. போன வாரம் புது நர்ஸ் ஒருத்தி சலித்துக்கொண்டாள்.

"அக்கா, நேரா மருந்து ஃபாரத்தத் திறக்கற மாதிரி பண்ணக் கூடாதா?"

"முன்னாடி ஒருத்தி இப்படித்தான் கேட்டா. ஒருத்தர் செத்துட்டாரு. இன்னொருத்தருக்கு வேலை போச்சு."

"கேட்டவ என்ன ஆனா?"

"அடுத்த ஆளக் கூப்பிடு" என்றேன்.