காத்து திரும்பட்டும்

ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறார். ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஒற்று ஒற்றுகிறார். அதே விரலை மறுபடியும் நாக்கில் வைத்துக் கண்ணை மூடுகிறார். மருமகள் சமையலை ருசி பார்க்கிற எந்த மாமியாரும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. பிறகு தீர்ப்பு வருகிறது: "இன்னும் நாலு நாள் போகட்டும்மா."

கடலோரத்து வீடுகளுக்கு ஜன்னல் கழுவுவது இவர் தொழில். ஏணி ஒன்று, வாளி இரண்டு, தண்ணீர் வழிக்க ரப்பர் வைத்த கட்டை ஒன்று, தோளில் துவைத்துத் துவைத்து நைந்துபோன ஒரு துணி. நேரில் எல்லோருக்கும் இவர் "அண்ணே". முதுகுக்குப் பின்னால் "நாக்கு". அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று கேட்காதீர்கள். நான் சலூன் வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்குப் பெயர் வைப்பதற்கு அதைவிட வசதியான இடம் ஊரில் கிடையாது.

எந்த வீட்டை எப்போது கழுவுவது என்பதை வீட்டுக்காரர்கள் முடிவு செய்வதில்லை. கடலைப் பார்த்த முதல் வரிசைக்கு இருபது நாளைக்கு ஒரு தடவை. இரண்டாவது வரிசைக்கு நாற்பது. அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் காற்று காலம் முடிந்ததும் ஒன்று, மழை முடிந்ததும் ஒன்று. கடற்காற்று தூக்கலாக வீசுகிற அன்று ஏணியைத் தொட மாட்டார். வெயில் விழுந்த கண்ணாடியில் சோப்பு வைக்க மாட்டார். காய்ந்து கோடு விழும். அதனால் தெருப் பக்கத்து ஜன்னலுக்குக் காலை, கடல் பக்கத்து ஜன்னலுக்குப் பிற்பகல். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு: காய்ந்த உப்பின் மேல் துணி படவே கூடாது, கண்ணாடி கீறிவிடும். "முதல்ல குளிப்பாட்டணும், அப்புறம்தான் துவட்டணும். அழுக்குக் குழந்தைய அப்படியே துவட்டுவீங்களா?"

"மழைதான் வரப்போகுதே, அதுவே கழுவிடாதா?" என்று யாராவது கெட்டிக்காரத்தனமாகக் கேட்டால் போச்சு.

"கழுவும்மா. நேத்து ராத்திரி பாத்திரத்தையும் வெளிய எடுத்து வச்சிடுங்க. அதையும் கழுவிட்டுப் போகட்டும்."

எழுத்து அவருக்குக் கொஞ்சம் தகராறு. வீட்டில் தொங்குகிற மாதக் காலண்டரில் வீட்டுக்கு ஒரு படம் போட்டு வைத்திருக்கிறார். என் கடைக்குச் சீப்பு. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கத்தரிக்கோல். மாடியில் இருக்கிற பல் டாக்டருக்கு ஒரே ஒரு பல்.

எனக்கு இவர்மேல் ஒரு தீராத வருத்தம் உண்டு. இத்தனை வீட்டு ஜன்னலில் ஏறி இறங்குகிறாரே, ஒரு வீட்டுக் கதையாவது வாயிலிருந்து வர வேண்டுமே? வராது. உள்ளே புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்தால் சத்தமாகச் சீட்டியடித்துக்கொண்டே கழுவுவார். சவரம் செய்யும்போது மெல்ல நூல் விட்டுப் பார்ப்பேன். "கண்ணாடியத்தான் பாத்தேன் தம்பி. உள்ள யாரு பாத்தா?" என்பார். அதோடு என் பிழைப்பில் பாதி போய்விடும்.

ஒரு தடவை புதிதாகக் குடிவந்த ஒருவர், ஒரு வருடம் கழுவாமல் கிடந்த ஜன்னலைக் காட்டி, பளபளவென்று ஆக்கித் தரச் சொன்னார். இவர் கழுவினார், வழித்தார், வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தார். கண்ணாடி பால் தெளித்த மாதிரியே இருந்தது. சாவு செய்தி சொல்கிறவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உப்பு தின்ன கண்ணாடி திரும்ப வராது சார். இனிமே திங்காம பாத்துக்கலாம். அவ்வளவுதான் என்னால முடியும்."

தையல்காரம்மா வீட்டுக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். ஜன்னலோரம்தான் அவருடைய மெஷின். உப்பு ஏற ஏற வெளிச்சம் குறையும்; வெளிச்சம் குறையக் குறையக் குரல் ஏறும்.

"அண்ணே, ஊசிக் கண்ணே தெரியல. நூல் கோக்கறதுக்குப் பக்கத்து வீட்டுக்கா போவேன்?"

"காத்து திரும்பட்டும்மா. இன்னைக்குக் கழுவினா நாளைக்கே அப்பிக்கும்."

"அப்ப நாளைக்கும் வந்து கழுவுங்க."

"நான் என்ன உங்க ஜன்னலுக்கா வாக்கப்பட்டேன்?"

பத்து வருடமாக இந்தச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இலவசமாகக் கேட்டு வருகிறேன். கடைசியில் அவர் சொன்ன நாளில்தான் கழுவுவார். அந்தம்மா சுக்குத் தண்ணி குடித்த முகத்தோடு மெஷினை மிதிப்பார்.

இந்தக் காற்று காலத்தின் தொடக்கத்தில் ஒன்று கவனித்தேன். என் கடைக் கண்ணாடியில் இடது பக்கம் மேல் மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு உப்பு அப்படியே இருந்தது. மறந்திருப்பார் என்று விட்டேன். தையல்காரம்மா ஜன்னலிலும் அதே மூலை. பல் டாக்டர் மாடியிலும் அதே மூலை. அந்த வாரத்தில் மட்டும் மூன்று தடவை தன் வாளியைத் தானே இடறினார். நான் கணக்குப் போட்டேன். வருகிறவர்களிடம் கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டி, "அண்ணன் இப்பல்லாம் மத்தியானமே ஆரம்பிச்சிடறார் போல" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் முடியை என்னிடம் விட்டுவிட்டு, கதையை எடுத்துக்கொண்டு போனார்கள். பத்தே நாளில் இரண்டு வீட்டார் அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மூலைகள் சுத்தமாக ஆரம்பித்தன. காரணம் அவருடைய மனைவி. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். இத்தனை வருடத்தில் புருஷன் வேலை செய்கிற இடத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இப்போது தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார். அவர் ஒரு ஜன்னலை முடித்து அடுத்ததற்கு நகரும்போது, அண்ணி ஸ்டூலில் ஏறி இடது மூலையை நனைத்துத் துடைத்துவிட்டு இறங்குவார். இவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு நாள் அண்ணி தூக்கை என் கடை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"வாங்கண்ணி, உட்காருங்க."

"உட்கார வரல. அவர் குடிக்கிறார்னு சொன்னது நீங்கதானே?"

நாற்காலியில் அப்போது பாதி முகம் சோப்போடு ஒருவர் இருந்தார். அவர்கூட என்னைத்தான் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷத்துல அவர் வாய்க்குள்ள போன ஒரே கெட்ட பழக்கம் உங்க ஜன்னல் உப்புதான். இடது கண்ணு போயிட்டிருக்கு தம்பி. அந்தப் பக்கம் நான் நின்னாக்கூட அவருக்குத் தெரியறதில்ல."

கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறதாம். ரெண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். செய்த பிறகு ஆறு வாரம் ஏணி, வாளி, குனிவது எதுவும் ஆகாது. இவர் கண் டாக்டரம்மாவிடமும் அதையே சொல்லியிருக்கிறார்: "காத்து திரும்பட்டும்மா. இன்னும் ரெண்டே மாசம். இப்ப விட்டா தெருவுல ஒரு கண்ணாடி மிஞ்சாது."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'போன பார்வை திரும்ப வராதுங்கய்யா. இனிமே போகாம பாத்துக்கலாம். அவ்வளவுதான் எங்களால முடியும்'னு. வெளிய வந்து, 'நல்ல பொண்ணு, நான் பேசற மாதிரியே பேசுது'ன்னு சிரிக்கிறார். ஊருக்கெல்லாம் நாள் குறிச்சுக் குடுக்கிற மனுஷன் தனக்கு ஒரு நாள் குறிக்க மாட்டேங்கறார்."

தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாற்காலியில் இருந்தவரின் முகத்தில் சோப்பு காய்ந்துவிட்டது. அன்று மாலைவரை நான் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தேன். கிளப்பிவிட்ட கதையைத் திருப்பி எடுக்கவும் எனக்கு அதே நாற்காலிதான். முதலில் சொன்னது சுவருக்கு அந்தப் பக்கம்.

வியாழக்கிழமை பிற்பகல் தையல்காரம்மாவின் முறை. ஜன்னல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அவர் ஏணியோடு வந்தபோது அந்தம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏணியை வைக்காதீங்கண்ணே."

"இன்னைக்கு உங்க நாள்மா. காத்தும் அடங்கியிருக்கு."

"இருக்கட்டும். வேண்டாம்."

"ஊசிக் கண்ணு தெரியலன்னு நேத்து வரைக்கும் திட்டினது யாரு?"

"நான்தான். இனிமேலும் திட்டுவேன். பத்து வருஷமா நீங்க சொன்ன நாள்லதானே நான் கழுவிக்கிட்டேன்? ஒரே ஒரு தடவை நான் சொல்ற நாள்ல நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"ரெண்டு மாசம் விட்டா இந்தக் கண்ணாடிய உப்பு தின்னுடும்மா."

"திங்கட்டும். கண்ணாடி கடையில கிடைக்கும்ணே."

அவர் ஏணியைப் பிடித்தபடியே நின்றார். மனைவியைத் தேடினார். வலது பக்கம் பார்த்தார், பின்னால் பார்த்தார். கடைசியில் தலையை முழுக்க இடது பக்கம் திருப்பியபோதுதான், தோளை ஒட்டி நின்றவரைக் கண்டுபிடித்தார்.

"நீ எப்ப வந்த?"

"நான் இங்கதாங்க நிக்கிறேன்."

ஏணியை என் கடைக்குள் கொண்டுவந்து சாய்த்தார். "பத்திரமா வச்சுக்க தம்பி. ஈரம் படாம" என்றார். கதையைக் கிளப்பியது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவர் முகத்தில் தேடினேன். கடைக் கண்ணாடியில் வழக்கமாக நான் பார்க்கிற என் முகத்தைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை இருவரும் ஒரு துணிப்பையோடு பஸ்ஸுக்கு நடந்தார்கள். ஏணி இல்லாத தோளை அவருக்கு எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை; ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார். அண்ணி இடது பக்கம் வந்தார். தையல்காரம்மா வீட்டுக்குள் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தது. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

அண்ணன் அந்த ஜன்னல் முன்னால் நின்றார். அண்ணியின் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி விரலில் ஊற்றிக்கொண்டார். அவசரத்திலும் காய்ந்த உப்பை உரச மனசு வரவில்லை. நனைந்த விரலால் உப்பின் மேல் மெதுவாக ஒரு தேதி எழுதினார். ஆறு வாரம் முடிந்த மறுநாள். எழுதிய இடம் மட்டும் தெளிந்து, அதன் வழியாக உள்ளே தைத்துக்கொண்டிருந்த நீலத் துணி தெரிந்தது. முதல் எண் சரியாக விழுந்திருக்கிறதா என்று தலையை முழுக்க இடது பக்கம் திருப்பிப் பார்த்தார்.

பிறகு அந்த விரலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பஸ் வருகிற சத்தம் கேட்டது. அண்ணி அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணைத் திறக்கும்வரை நின்றார்.