சுருக்கித் தராதவர்

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம் அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருக்கு நரைத்த மீசை, காதில் எப்போதும் ஒரு பென்சில். தாளை வாங்கியதுமே கவிழ்த்துப் பிடிப்பார். பிறர் காகிதத்தைப் படிக்கமாட்டார்.

2007 ஜூனில், பதவி உயர்வுக்கான துறைத் தேர்வுக்கு முதல் நாள், என் குறிப்புகளை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கித் தரச் சொன்னேன்.

“பிட்டா சார்? நம்ம கடையில போடறதில்ல.”

“நான் எம்.ஏ. படிச்சவன். சும்மா ஞாபகத்துக்குத்தான்.”

“நான் எட்டாவது பெயிலு சார். பரீச்சைல பக்கத்துல இருந்தவன் பேப்பரக் காட்டுனான், பாக்கல. பாத்திருந்தா நானும் உங்கள மாதிரி ஆயிருப்பேன்.”

சிரித்தபடியே தாள்களைத் திருப்பித் தந்தார்.

பிட் இல்லாமல் எழுதினேன்; தேறவில்லை. அதில் வருத்தமில்லை. மழையளவு முதல் ரயில் தாமதம் வரை பிசகாமல் குறித்துவைக்கும் என் நாட்குறிப்பில், கடைக்குப் போன அன்றைய பக்கத்தில் மட்டும், ‘ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது’ என்று எழுதியிருக்கிறேன்.