பால்டிக் கடலடியில் நாங்கள் நட்ட புல்

இறங்கியதும், படகைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கீழே வெறும் மணல், அதன்மேல் அழுகிய பாசி. போன கோடையில் நாங்கள் கடற்புல் நட்ட இடமா இது? கொஞ்சம் நீந்தியதும் எல்லைக்கு நாங்களே அடித்த இரும்புக் கம்பி தட்டுப்பட்டது. இடம் சரிதான். புல்தான் இல்லை.

வட ஜெர்மனியில் ஒரு கடற்காப்பகத்தில் நான் ஸ்கூபா டைவர். இங்கே இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்க விடமாட்டார்கள். மறுமுனை படகில் என்னோடு வேலை செய்யும் சுதன் அண்ணையின் கையில் இருக்கும். அவர் இழுத்தால் "சுகமா?" என்று கேட்கிறார், நான் இழுத்தால் "சுகம்". அன்றும் அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். வேறு எதைச் சொல்வது?

மேலே வந்து முகமூடியைக் கழற்றினேன்.

"எப்பிடி இருக்கு பிள்ளை?"

"ஒண்டும் இல்லை அண்ணை. எல்லாம் செத்துப் போச்சுது."

"முழுக்கவோ?"

"ஓம்."

அவர் கயிற்றைச் சுருட்டினார்.

கரையில் தன்னார்வலர்கள் புது நாற்றுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் பக்கத்து விரிகுடாவின் செழித்த புல்வெளியிலிருந்து நான் பிடுங்கி வந்தவை. பிடுங்குமுன் போன வருடம் நட்ட இடத்தைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு நாள் ஒதுக்கவில்லை.

திட்டத் தலைவியிடம் போனேன். "போன வருடச் சூட்டில்தான் செத்திருக்கிறது. தண்ணீர் இப்போதும் அதே சூடு. இவற்றை எடுத்த இடத்திலேயே திரும்ப நட்டுவிடுவோம்" என்றேன்.

"அங்கே நட அனுமதி இல்லை. புதிதாக விண்ணப்பம் கொடுத்துப் பதில் வருவதற்குள் எல்லாம் வாடிவிடும். இங்கேயே நடுங்கள்" என்றார். பொல்லாத மனுஷி இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

படகுக்குத் திரும்பினேன். "அண்ணை, எனக்கு ஏலாது."

"தெரியும் பிள்ளை. நீங்கள் இறங்காட்டி வேற ஆரையும் இறக்குவினம். வாங்கோ, கயித்தைக் கட்டுவம்."

இறங்கினேன். உயிரோடு நின்றதைப் பிடுங்கிவந்து, சாகப்போகும் இடத்தில் வரிசை பிசகாமல் நட்டேன். முகமூடிக்குள் அழுதேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று: நடும் இடத்தை இறங்கிப் பார்க்காமல் நாற்றுப் பிடுங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேலை போனாலும் பரவாயில்லை.

முன்பெல்லாம் இந்தக் கடலில் நாலு நாற்று நடுவதற்குள் விரல் விறைத்துவிடும். குளிரைத் திட்டிக்கொண்டே நடுவேன். அன்று கடைசி நாற்று வரை என் விரல்கள் விறைக்கவே இல்லை.