மிச்சம் முப்பத்தெட்டுச் சுற்று

கபடிக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று நிர்மலாதேவி சொன்னால் அது சும்மா பேச்சில்லை. பிசியோதெரபி படித்துவிட்டுச் சங்கரன்கோவிலில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறவள் அவள். வாதத்தில் கை விழுந்தவர்கள், விசைத்தறியில் நின்று நின்று இடுப்பு போன அண்ணாச்சிகள், கரும்பலகையில் எழுதக் கை தூக்க முடியாத டீச்சர்கள் என்று யார் வந்தாலும் முகம் கோணாமல் பார்ப்பாள். கபடி என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும், "தென்காசிக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவாள்.

காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆட்டக்காரனின் முட்டிக்கு வைத்தியம் பார்த்தாள். "வலி இருக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் அவன் "இல்லவே இல்ல மேடம்" என்றான். இவளும் நம்பி, ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முதல் ஆட்டத்திலேயே முட்டி மறுபடி போனது. அத்தோடு அவன் கபடியும் போனது. பொய் சொன்னவன் அவன், தூக்கம் கெட்டது இவளுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

அப்படிப்பட்டவளிடம்தான் ஜனவரியில் மாரிக்கண்ணன் வந்து நின்றான். கரிவலம்வந்தநல்லூர்க்காரன், இருபத்தாறு வயது. ரெய்டு போனால் ஆளைத் தொடாமல் திரும்ப மாட்டான் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்து டிசம்பரில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆகஸ்ட் இருபதாம் தேதி ஓர் அரசுத் துறை தன் அணிக்கு ஆள் எடுக்கிறது. தேர்வானால் வேலை. கால் தேறிவிட்டது என்று தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்தால்தான் மைதானத்துக்குள்ளேயே விடுவார்கள்.

முடியாது என்றாள். அவன் போய்விட்டான். அவன் அம்மா அன்னக்கிளி போகவில்லை. மூன்று நாள் தொடர்ந்து முதல் பஸ்ஸில் வந்து கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ பாக்காண்டாம் தாயி. நான் சும்மா இருந்துட்டுப் போறேன்."

நான்காம் நாள் நிர்மலா தலையில் அடித்துக்கொண்டு, "கூட்டிட்டு வாங்கம்மா" என்றாள். அவனிடம் ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

"வலிச்சா வலிக்குன்னு சொல்லணும். ஒரு பொய் சொன்னாலும் அன்னையோட சரி."

ஆரம்பத்தில் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதே பெரும்பாடாக இருந்தது. கால் போனதும் கூட ஆடியவர்கள் போனை எடுப்பதில்லை. வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. ஒருநாள் பயிற்சிக்கு இழுக்கிற ரப்பர் பட்டையைச் சுவரில் விட்டெறிந்து, "இந்தக் காலு எனக்கு எதுக்கு?" என்று கத்தினான். வேறொருத்தியாக இருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பாள்.

"எறிஞ்ச கைக்கு நல்ல பலம் இருக்கு. அத இப்ப கால்ல காட்டுங்க, இருபது தடவ."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு நடந்ததை மறைப்பானேன்? வாரம் மூன்று நாள் வரவேண்டியவன் ஐந்து நாள் வந்தான். ஆறு மணிக்கு வருகிறவனுக்காக அவள் ஐந்தரைக்கே கண்ணாடி முன்னால் நின்றாள். இரண்டு பேரும் முட்டியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள், அதுவும் ஒரு மணி நேரம்.

ஆடி பிறந்து கோயிலில் தபசுக்குக் கொடி ஏறியது. கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிற நாட்கள் அவை. அப்போது கோயிலைச் சுற்றி வருகிறவர்களின் கால்வலியை அவளே வாங்கிக்கொள்வாள் என்பது ஊர் நம்பிக்கை. நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று என்று நேர்ந்துகொண்டு ஜனம் ஓட்டமும் நடையுமாகச் சுற்றும். ஆடிச்சுற்று என்று அதற்குப் பெயர்.

கொடி ஏறிய ஏழாம் நாள் மாரிக்கண்ணனின் முட்டி புசுபுசுவென்று வீங்கியிருந்தது. நிர்மலா டேப் வைத்து அளந்தாள். இரண்டு சென்டிமீட்டர் கூடுதல்.

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம், பஸ்ல இடிச்சுக்கிட்டேன்."

"வலிக்கா?"

"இல்ல."

அவள் டேப்பைச் சுருட்டி மேஜையில் வைத்தாள். "எந்திரிங்க. இனிமே இங்கன வராதீங்க" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் அன்னக்கிளி வந்தாள்.

"எம் மேலதான் தப்பு தாயி. நூத்தியெட்டுச் சுத்து இவனே சுத்துவான்னு நேந்துக்கிட்டேன். சொன்னா நீ விடமாட்டேன்னு ஒளிச்சுட்டோம். எழுவது ஆயிட்டு, மிச்சம் முப்பத்தெட்டு. பாதியில விட்டா அம்மனுக்கு ஆகுமா?"

"கால் சரியாகணும்னு நேந்துக்கிட்டு அந்தக் காலையே கெடுத்து வச்சிருக்கீங்களே!" நிர்மலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "மிச்சத்த வேற யாரும் சுத்தக்கூடாதா?"

"சுத்தலாம். ஆனா வீட்டு ஆளா இருக்கணும். எனக்கு இடுப்பு முடியல. வேற யாரு இருக்கா அவனுக்கு?"



அடுத்த நாள் விடிந்தும் விடியாமலும் நிர்மலா கோயிலில் நின்றாள். அவளுக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது, வெறுங்காலோடு நடந்து பழக்கமும் இல்லை. இரண்டு நாள் காலையில் பத்தொன்பது பத்தொன்பதாக நடந்து முடித்தாள். ஊர் பார்க்காமல் இருக்குமா? அவளிடம் தோள்பட்டைக்கு வருகிற முப்பிடாதியம்மாள் கூடவே சுற்றிக்கொண்டிருந்தாள். "யாருக்கும்மா நேர்த்தி?" என்று கேட்டும்விட்டாள்.

"மாரிக்கண்ணனுக்கு" என்று பேரைச் சொல்லியே சொன்னாள் நிர்மலா. மத்தியானத்துக்குள் அது கரிவலம்வந்தநல்லூர் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் பக்கத்தில் கூரியர் எதற்கு?

சாயங்காலம் அவன் வந்து வாசலிலேயே நின்றான்.

"பஸ்ல இடிக்கல" என்று ஆரம்பித்தான். "சுத்து மட்டுமில்ல, அதுக்கு முன்னால இருந்தே மாடிப்படி எறங்கும்போது முட்டி நழுவுது. வலியும் இருக்கு. ஆகஸ்ட் இருபது போயிருமோன்னு பயந்து சொல்லல. இப்பமும் பயமாத்தான் இருக்கு." பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் நிறைந்தது.

அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. ஆனால் அவனுடைய ஃபைலை எடுத்து, ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்து நீட்டினாள்.

"தென்காசியில அஃப்ரோஸ் மேடம்னு என் சீனியர் இருக்காங்க. நாளைக்கே போங்க. அவங்க சொல்லுததுதான் முடிவு."

அவன் முகம் செத்துவிட்டது. "இன்னும் கோவமா? அதான் உண்மையச் சொல்லிட்டேன்லா."

"கோவமில்ல. நீங்க அந்த செலக்‌ஷனுக்குப் போகணும்னு உங்களவிட எனக்கு ஆசையா இருக்கு. அந்த ஆசைய வச்சுக்கிட்டு உங்க முட்டியத் தொட்டுப் பாத்து நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

அவன் ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனான். மறுநாள் நிர்மலா பேஷண்டுகளுக்கு வலதுகால் எது இடதுகால் எது என்று தெரியாமல் வேலை பார்த்தாள். நான்கு மணிக்குத் தென்காசி பஸ்ஸிலிருந்து இறங்கி மாரிக்கண்ணன் நேரே கிளினிக்குக்கு வந்தான்.

"ஜவ்வுக்கு ஒண்ணும் ஆகலையாம்" என்றான். "ஆனா ஆகஸ்ட்ல ஆடவே கூடாதாம். நவம்பர்ல எறங்கலாம்னு சொல்லிட்டாங்க."

நிர்மலா மூச்சை விட்டாள். "ஜனவரியில இன்னொரு டிபார்ட்மெண்ட்ல ஆள் எடுக்கான்லா? அதுக்குப் போயிரலாம்."

"எனக்குக் கவலை இல்ல. அம்மாதான் ஒடஞ்சு போவா. எப்படிச் சொல்லப்போறேன்னு தெரியல."

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள் நிர்மலா. "அத்தகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."